தலைவெட்டிக் கோயிலும் குதிரைமுகக் குமாரியும்

கீரிமலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே கீரியும் இல்லை, மலையும் இல்லை. சுண்ணாம்புக்கல் கொஞ்சம் முதுகை நிமிர்த்தினாலே அதை மலை என்று கும்பிடுகிற தட்டை நிலம் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு. மாரிக்கு மட்டும் ஓடுகிற வெள்ளவாய்க்காலுக்கு வழுக்கியாறு என்று பேர் வைத்தவர்களுக்கு, கடற்கரை மேட்டை மலையாக்குவது பெரிய வேலையா? கீரியின் கதை பிறகு வரும். கண்ணால் காணக்கூடியது கேணி ஒன்றுதான். அலை அடிக்கிற பாறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் நன்னீர். அந்த நாலு எட்டுக்குள் உப்பு எங்கே போனது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் அமாவாசை போய்ப் பூரணை வந்துவிடும்.

அந்தக் கேணிக்கட்டில், ஓர் ஆடி அமாவாசை நாளில், பிதிர்க்கடன் கழித்துவிட்டு ஈரவேட்டியோடு குந்தியிருந்த பெரியப்பாதான் பிறீமேசன்களைப் பற்றி எனக்கு முதன்முதல் சொன்னவர். கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். எதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அதற்கு மதிப்புக் கூடும் என்று கந்தோரில் படித்திருந்தார்.

"காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஒரு கட்டிடம். மேசோனிக் டெம்பிள் எண்டு எழுதியிருக்கும். பின்னேரத்திலை கறுத்தக் கோட்டுப் போட்ட பெரிய மனிசர் கையிலை சின்னப் பெட்டியோடை உள்ளுக்குப் போவினம். பெட்டிக்குள்ளை என்ன, உள்ளுக்கு என்ன, ஒருத்தருக்கும் தெரியாது."

ஆச்சி பக்கத்தில் எள்ளும் தர்ப்பையும் பொதி கட்டிக்கொண்டிருந்தா. காது மட்டும் எங்கள் பக்கம்.

"ஆர் அவையள்?"

"மேசன்மார், அம்மா. பிறீமேசன்."

"பிறீயோ? காசு வாங்காமல் கட்டுவினமோ? அப்ப எங்கடை கிணத்துக்கட்டை ஒருக்காக் காட்டிவிடன்."

யாழ்ப்பாணத்தில் மேசன் என்றால் கொத்து வேலைக்காரர். காலமை எட்டு மணிக்கு வருவார், பத்து மணிக்குத் தேத்தண்ணி, இடையில் வெற்றிலை, பின்னேரம் கூலி. பெரியப்பா அன்றைக்கு மிச்சக் கதையைச் சொல்லவில்லை. ஆச்சி கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் பிற்காலத்தில் நான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி என்பது விழுந்த பிறகு விளங்கியது: இந்த மேசன்மார் ஒரு சுவரும் கட்டியதில்லை.

1717 ஜூன் 24. லண்டனில் சென்ட் போல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு தவறணை. அதன் பெயர்ப்பலகையில் ஒரு வாத்தும் இறைச்சி வாட்டுகிற கம்பிச்சட்டமும். நாலு சங்கங்களின் ஆக்கள் அங்கே கூடி, நாங்கள் இனி ஒரே பெருஞ்சங்கம் என்று முடிவெடுத்தார்கள். வந்தவர்களில் பலர் கல்லைத் தூக்கிப் பழகாத கனவான்கள். ஆனால் பழைய காலத்துத் தேவாலயம் கட்டிய கற்கொல்லரின் மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு, சாந்தகப்பை எல்லாவற்றையும் எடுத்துக் கழுத்திலும் மார்பிலும் தொங்கவிட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர் மேசன் தோளில் கடகத்தோடு கொண்டுபோகிற சாமானை அவர்கள் வெள்ளியில் செய்து பட்டுநாடாவில் கோத்தார்கள். மூலைமட்டம் என்றால் நேர்மையாம். கவராயம் என்றால் ஆசைக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் நிற்பதாம். தூக்குக்குண்டு நிமிர்ந்த நடையாம். செதுக்காத கல் சங்கத்தில் சேர முன்னிருந்த நீ, செதுக்கிய கல் சேர்ந்த பிறகு நீ. சேர்வதற்கும் செதுக்குவதற்கும் கட்டணம் உண்டு.

சங்கம் தொடங்கி ஆறு வருஷத்தில் அதற்கு ஒரு பூர்வகதை தேவைப்பட்டது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1723 இல் எழுதிக் கொடுத்தார். தவறணையில் தொடங்கினோம் என்று எழுத முடியுமா? அவர் ஆதாமில் தொடங்கினார். ஆதாமின் நெஞ்சிலேயே கேத்திரகணிதம் எழுதப்பட்டிருந்ததாம். பிறகு நோவா, பிறகு சாலமோன் மன்னன், அப்படியே இறங்கி இங்கிலாந்துக்கு வந்து சேருகிறார். லண்டன்காரருக்கு இது சரித்திரம். எங்களுக்கு இது பழகின சரக்கு. தலபுராணம் என்று பேர். கிருதயுகத்தில் தொடங்காத ஒரு தலபுராணத்தை எந்தக் கோயில் முதலாளி அச்சுக்குக் கொடுப்பார்?

சேர்கிற சடங்குதான் ருசியான பகுதி. வருகிறவனின் கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் சுருக்குக் கயிறு. இடப்பக்க மார்பு திறந்திருக்க வேண்டும். ஒரு முழங்காலுக்குத் துணி இல்லை. ஒரு காலில் செருப்பு. காசு, மோதிரம், உலோகம் ஒன்றும் மேலில் இருக்கக்கூடாது. கதவில் மூன்று தட்டு. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, இரண்டு தூண்கள், கேள்வி, பதில், சத்தியம். கடைசியில் கண்கட்டு அவிழும், வெளிச்சம். ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒன்றை இடுப்பில் கட்டிவிடுவார்கள். இப்படி மூன்று படி. மூன்றாவது படியில் சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃபின் கதையை நடித்துக் காட்டுவார்கள். இரகசியச் சொல்லைக் கேட்டு மூன்று சண்டியர் அவரை அடித்துக் கொல்கிறார்கள், அவர் சொல்லவில்லை, சொல் தொலைந்து போகிறது. புதிதாக வந்தவன் செத்த ஹிராமாகக் கீழே கிடக்கவேண்டும். பிறகு விசேஷமான ஒரு கைப்பிடியால் அவனைத் தூக்கி எழுப்புவார்கள்.

ஐரோப்பாக்காரன் இதைக் கேட்டு மெய்சிலிர்த்தான். சைவப் பிள்ளைக்கு ஏன் சிலிர்க்கவேண்டும்? ஆகமம் சொல்கிற தீட்சையும் மூன்று: சமயம், விசேடம், நிருவாணம். அங்கேயும் கண்ணைக் கட்டுவார்கள். கட்டின கண்ணோடு பூவை எறியவேண்டும். அங்கேயும் காதுக்குள் ஒரு சொல். கயிறுகூட உண்டு. நிருவாண தீட்சையில் குடுமி தொடங்கிக் கால் பெருவிரல் வரை நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதுதான் உன்னுடைய பாசம் என்று சொல்லி, துண்டு துண்டாக வெட்டி ஓமத்தில் போடுவார்கள். பசு நீ, கயிறு பாசம், மேய்க்கிறவன் பதி. லண்டன்காரன் கயிற்றை ஏன் கட்டினோம் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் குருக்கள் கட்டினதோடு நிற்கவில்லை, எரித்தும் விட்டார். மார்பைத் திறப்பதற்கும் எங்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பக்கத்து மாவிட்டபுரம் முருகன் கோயில் வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினால் முடிந்தது, அதுவும் இரண்டு பக்க மார்பும்.

ஆனால் அந்தக் காலத்துச் சென்னைப் பட்டணத்தார் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் நேரே முடிவுக்கு வந்தார்கள். சன்னல் சாத்தின கட்டிடம். வாசலில் உருவின வாளோடு ஒரு காவலாள். உள்ளே போன துரை வெளியே வரும்போது முகம் ஒருமாதிரி இருக்கிறது. அப்படியென்றால் தலையை வெட்டித் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள்! மேசன்மாரின் கூடத்துக்குத் தமிழர் வைத்த பேர் தலைவெட்டிக் கோயில். வடக்கே மந்திரவாதி வீடு என்றார்கள், பம்பாய்ப் பக்கம் சைத்தான் வீடு என்றார்கள். யூலும் பேர்னலும் தொகுத்து 1886 இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி இந்தப் பேர்களை எல்லாம் பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிறது. பேர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் தெரிந்தவர். அவர் சிரித்துக்கொண்டுதான் குறித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வெட்டின தலையைத் திருப்பி ஒட்டுகிற கதையைத் தமிழன் ஏன் அவ்வளவு லேசாக நம்பினான்? பழக்கம்தான். சூரன்போருக்குப் போய்ப் பாருங்கள். ஆனைமுகம் விழும், சிங்கமுகம் ஏறும், அதுவும் விழும், சூரனின் சொந்த முகம் ஏறும். தோளில் சூரனைச் சுமந்து ஆட்டுகிற பெடியங்களுக்கு வியர்க்கிறதே தவிர, தலை மாறுவதைப் பார்த்து ஒரு குழந்தைகூட வியப்பதில்லை. தலை மாற்று விஷயத்தில் கீரிமலைக்கு நிகரான கூடம் லண்டனிலும் இல்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

முதலில் வந்தவர் ஒரு முனிவர். சாபத்தால் கீரிமுகம். கீரிமுகத்தோடு தவம் செய்யலாம், பிரச்சினை இல்லை. ஆனால் எதிரே வருகிறவர் பாம்பாட்டியைத் தேடினால் தவம் கலையும். முனிவர் ஊர் ஊராகத் திரிந்து இந்தக் கேணியில் முழுகினார், மனித முகம் வந்தது. வடமொழியில் நகுலம் என்றால் கீரி; முனிவர் நகுலமுனி, சிவன் நகுலேஸ்வரர், அம்மன் நகுலாம்பிகை, ஊர் கீரிமலை. ஒரு முகம் போனதற்கு நாலு பேர் கிடைத்தது.

அடுத்து வந்தவள் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வருத்தம் வந்துவிடும். அவளுக்கு வந்தது இரண்டு. வயிற்றில் குன்மநோய், முகம் குதிரை முகம். அரண்மனை வைத்தியர்மார் குளிசை மாற்றிக் குளிசை கொடுத்துக் களைத்துப் போனார்கள். ஒரு சந்நியாசி வந்து கீரிமலையில் தீர்த்தமாடச் சொன்னார். பரிவாரத்தோடு கப்பலேறி வந்து, கோயிற்கடவை என்ற இடத்தில் கூடாரம் அடித்து, தினமும் வந்து முழுகினாள். நோய் போனது, முகமும் போனது. மா என்றால் குதிரை. குதிரைமுகம் விட்ட ஊர் மாவிட்டபுரம். நன்றிக்கடனாக முருகனுக்குக் கோயில் எடுத்தாள். காங்கேயன் என்றால் முருகன். அவனுடைய விக்கிரகம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை. சொல்லாராய்ச்சிக்காரர் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கலாம். அவர்கள் குதிரைமுகத்தோடு ஒருநாள் இருந்து பார்த்தவர்கள் அல்லர்.

இத்தோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால் 18 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக மயில்வாகனப் புலவர் எழுதிக்கொடுத்த யாழ்ப்பாண வைபவமாலையில் கதை தொடர்கிறது. உக்கிரசிங்கன் என்ற அரசன் வருகிறான். அவனுக்குச் சிங்கமுகம். இளவரசியைக் கண்டான், ஆசைப்பட்டான், இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் முடித்தான். கஷ்டப்பட்டு ஒரு மிருகமுகத்தைக் கழுவித் தொலைத்தவளுக்கு மாப்பிள்ளை வாய்த்ததைப் பாருங்கள். நாலு எட்டில் கேணி இருந்தும் அவனை ஒருவரும் முழுகச் சொல்லவில்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு முகம் என்னத்துக்கு என்று விட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பிறந்த பையனுக்கு வால் இருந்ததாகவும் கதை சொல்லுகிறது. யாழ்ப்பாண அரச பரம்பரையின் தொடக்கம் இப்படி: கீரி, குதிரை, சிங்கம், கடைசியில் ஒரு வால். ஆண்டர்சன் பாதிரியாரின் ஆதாமுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கவில்லை.

இப்போது இரகசியத்துக்கு வருவோம். மேசன் எடுத்த சத்தியம் லேசுப்பட்டதல்ல. வெளியே சொன்னால் கழுத்தை அறுத்து, நாக்கை வேரோடு பிடுங்கி, கடல் வற்றுகிற எல்லையில், நாளுக்கு இரண்டுதரம் ஏறி இறங்குகிற இடத்தில் மணலுக்குள் புதைக்கப்படச் சம்மதம் என்று சொல்லவேண்டும். கீரிமலைக் கடற்கரையில் இது சரிவராது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை; தோண்டினால் கல். காடாத்தின சாம்பலைக் கரைக்கவே ஆக்கள் பாறையில் வழுக்கி விழுகிறார்கள். எப்படியோ, அந்தத் தண்டனையை ஒருவருக்கும் கொடுத்தாக வேண்டி வரவில்லை. ஏனென்றால் சாமுவேல் பிறிச்சட் என்ற ஒருவர் 1730 இலேயே முழுச் சடங்கையும் கேள்வி பதிலாக அச்சடித்து விற்றுவிட்டார். புத்தகம் அள்ளிக்கொண்டு போனது. வாங்கியவர்களில் பலர் மேசன்மார். சடங்கை மனப்பாடம் செய்ய அவர்களுக்கு அதைவிட நல்ல கையேடு கிடைக்கவில்லை. உறுதிமொழியிலிருந்து அந்தக் கழுத்தறுப்பை இங்கிலாந்துப் பெருஞ்சங்கம் நீக்கியது 1986 இல். இரகசியம் கடைக்கு வந்து 256 வருஷம் கழித்து.

எங்கள் பக்கத்துப் பிறிச்சட் ஆறுமுக நாவலர்தான். குருவும் சீடனும் காதோடு காதாக வைத்திருந்ததை வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் போட்டுச் சைவ வினாவிடை என்று அடித்துப் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கொடுத்தார். அவரையும் ஒருவரும் கடல் மணலில் புதைக்கவில்லை. ஏசினவர்கள் ஏசினார்கள், அது அவருக்குச் சாப்பாடு மாதிரி.

இத்தனைக்கும் பிறகு உலகம் நம்பவில்லை. புத்தகத்தில் வந்தது ஒப்புக்கு, உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்றது. 1738 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமெந்து கத்தோலிக்கர் சேரக்கூடாது என்று தடை போட்டார்; சந்தேகம் இன்னும் பெருத்தது. 1885 இலிருந்து பாரிசில் லியோ தக்சில் என்ற எழுத்தாளர் அதைக் காசாக்கினார். மேசன்மார் சாத்தானைக் கும்பிடுகிறார்கள், கூட்டத்துக்கு ஒரு பிசாசு முதலையாக வந்து பியானோ வாசிக்கிறது என்றெல்லாம் புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். ஆயர்மார் வாசித்தார்கள், அழுதார்கள், ஆசீர்வதித்தார்கள். பன்னிரண்டு வருஷம். 1897 ஏப்ரல் 19 ஆம் தேதி பெரிய கூட்டம் கூட்டி மேடையேறி, எல்லாம் நான் விட்ட கயிறு என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் பொலிஸ் காவலோடு போய்ச் சேர்ந்தார்.

அதே 1897 இன் தொடக்கத்தில், சனவரியில், யாழ்ப்பாணம் ஒரு பிறீமேசனைப் பந்தம் பிடித்து ஊர்வலமாக வரவேற்றது. ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிறீமேசனின் பெயர் சுவாமி விவேகானந்தர். 1884 பெப்ரவரியில், நரேந்திரநாத் தத்தாவாக, கல்கத்தாவில் நங்கூரமும் நம்பிக்கையும் என்று பேர் கொண்ட சங்கத்தில் சேர்ந்திருந்தார். பிறகு காவி கட்டினார், ஏப்ரன் எங்கேயோ போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் அவர் பேசியது இந்துக் கல்லூரியில், வேதாந்தத்தைப் பற்றி. சைவ சித்தாந்தத்தின் கோட்டைக்குள் வந்து வேதாந்தம் பேசியதையே ஊர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது. மற்றது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. சந்தாக் காசு எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள்.

விவேகானந்தருக்குக் கதவு லேசாகத் திறந்தது, ஏனென்றால் அவருக்கு முன்னே போன ஒரு வங்காளி கதவில் தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தார். பிரசன்ன குமார் தத் என்ற வணிகர். 1863 இல் சேர விண்ணப்பித்தார். உலகத்து மனிதர் எல்லோரும் சகோதரர் என்று சுவரில் எழுதி வைத்திருந்தவர்கள், இந்துவுக்குக் கடவுள் ஒன்றா பலதா என்று கேட்டார்கள். சாதி பார்க்கிறவன் சகோதரத்துவம் பேசலாமா என்று கேட்டார்கள். நிறம் பார்க்கிறவர்கள் கேட்டார்கள். ஒன்பது வருஷம் வாதாடி 1872 இல் உள்ளே போனார். மூன்று தட்டில் திறக்கவேண்டிய கதவு.

தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை, விண்ணப்பித்தவர் நவாப் வீட்டுப் பிள்ளையாக இருந்தால். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் மேசனானார். லண்டன் பெருஞ்சங்கம் பூரித்துப்போய் அலங்காரமான நீல ஏப்ரன் ஒன்றையும் சட்டப்புத்தகத்தையும் அனுப்பிவைத்தது. மகிழ்ந்து நன்றிக்கடிதம் எழுதினார். அப்பனும் மகனும் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கடன்பட்டுக் கழுத்தளவு நின்ற காலம் அது. கழுத்துக் கயிறு அவர்களுக்குப் புதிதல்ல. 1799 இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் பெட்டகத்தில் சில காகிதங்கள் அகப்பட்டன என்றார்கள் வெள்ளைக்காரர். வாலாஜா வீட்டாரோடு இரகசியக் கடிதம். அதில் சங்கேதச் சொற்கள். இங்கிலீசுக்காரனுக்குப் புதிதாய் வந்தவன் என்று பேராம், நிஜாமுக்கு ஒன்றுமில்லாதவன் என்று பேராம். மறைசொல்லும் குறியீடும் வைத்திருந்தது மன்னிக்க முடியாத சதி என்று தீர்ப்புச் சொன்னார்கள், மறைசொல்லும் குறியீடும் சடங்காக நடக்கிற கூட்டத்தில் ஏப்ரன் கட்டிய ஆக்கள் பலரைக் கொண்ட அதே அரசாங்கத்தார். 1801 யூலையில் உம்தத்துல் உமரா கண்ணை மூடினார். மாதம் முடிவதற்குள் கர்நாடகம் கம்பனியின் கைக்குப் போனது. சகோதரனுக்கு ஆபத்து என்றால் ஓடிவருவேன் என்று சத்தியம் செய்தவர்கள் உண்மையாகவே ஓடிவந்தார்கள், கணக்குப் புத்தகத்தோடு.

ஆகையால் சின்னங்களைப் பார்த்து ஏமாறக்கூடாது. கவராயத்துக்கு என்ன பொருள், கட்டத்தரைக்கு என்ன பொருள், முக்கோணத்துக்குள் கண் ஏன் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆராயட்டும். கூடத்தில் உண்மையாக வேலை செய்கிற ஆள் ஒருவர்தான்: வாசலில் வாளோடு நிற்கிறவர். டைலர் என்று பேர். உள்ளே நடப்பது நாடகம். வாசலில் நடப்பதுதான் சங்கம். ஆண்டர்சனின் சட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கும் இடமில்லை; பிறப்பிலேயே சுதந்திரன் வேண்டும். பிறப்பு என்ற சொல்லை எடுத்துச் சுதந்திரமான மனிதன் என்று லண்டன்காரர் திருத்தியது 1847 இல். யாழ்ப்பாணத்தில் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது 1844 இல். மூன்று வருஷம் நாங்கள் முன்னுக்கு. சட்டப்படி.

மாவிட்டபுரத்து டைலரைப் பற்றிச் சொல்லாமல் போனால் கதை அரைவாசி. குதிரைமுகத்தாளை முருகன் மனிதமுகத்தோடு ஏற்றுக்கொண்ட அதே கோயில். மனிதமுகத்தோடேயே பிறந்த ஆயிரக்கணக்கான பேர், தாழ்ந்த சாதி என்று வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்ட கோயிலும் அதுதான். 1957 இலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் கொழும்பில், கோயில் வலிகாமத்தில். 1968 இல் திருவிழா நேரம் ஆக்கள் வந்து உள்ளே விடு என்று வாசலில் இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். விடமாட்டோம் என்று வாசலை மறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் செ. சுந்தரலிங்கம். ஆர் இவர்? ஒக்ஸ்போர்டில் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். டி. எஸ். சேனநாயக்கவின் முதல் மந்திரிசபையில் மந்திரி. ஈழம் என்று தனிநாடு கேட்டு முதன்முதல் எழுதியவர்களில் ஒருவர். கேத்திரகணிதம் ஆதாமின் நெஞ்சில் எழுதப்பட்டிருந்ததோ இல்லையோ, இவருடைய நெஞ்சில் சந்தேகமில்லாமல் எழுதப்பட்டிருந்தது. எழுபது கடந்த வயதில், சட்டையில்லா மேலோடு, கோயில் வாசலில் கோணம் பிசகாமல் நின்றார். அந்த முக்கோணத்துக்குள் கண் இருக்கவில்லை. அடிபிடி நடந்தது, பொலிஸ் வந்தது, வழக்கும் வந்தது. கதவு பிறகு திறந்தது, திறந்த மாதிரி.

ஆச்சி அந்தக் காலத்து மனுஷி. அந்த வாசலில் யார் பக்கம் நின்றிருப்பா என்பது எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.

பிறகு வந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் வெளியாலை. 1990 இல் வலிகாமம் வடக்கு ஊரோடு எழும்பியது. நகுலேஸ்வரத்தில் குண்டு விழுந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னே போர்த்துக்கேயர் இடித்து, நாவலர் தூண்டி 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய கோயில் அது. கீரிமலை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அப்போது அதுதான் உண்மையான கூடம்: முள்ளுக்கம்பி, மண்மூட்டை, துவக்கோடு டைலர். அனுமதி கிடைத்த நாளில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெயர், அடையாள அட்டை, எந்த ஊர், எங்கே போகிறாய், ஏன் போகிறாய். செத்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க. பையைத் திறந்து காட்டு. எள்ளுப் பொதிக்குள் விரல் விட்டுப் பார்ப்பார்கள். சாலமோன் ஆலயத்துக் கேள்வி பதில் இதற்குப் பக்கத்தில் வரமுடியாது. அங்கே பதில் பிழைத்தால் சிரிப்பார்கள்.

உண்மையான மேசன் வேலையும் இந்தப் பக்கத்தில் நடக்காமல் இல்லை. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இங்கேதான் கல் கிண்டினார்கள். இலங்கையில் பாதி வீட்டுச் சுவருக்குள் எங்கள் ஊர் இருக்கிறது என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். பாதி என்பது அவருடைய கணக்கு. போர் முடிந்தபின் கீரிமலைக் கடலோரத்தில் ஜனாதிபதிக்கு என்று ஒரு மாளிகையும் எழும்பியது. பெரிய மதில், பெரிய கேற். உள்ளே என்ன என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கேணிக்கு மட்டும் இன்னும் ஒரு மர்மம் மிச்சம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று ஆச்சி அடித்துச் சொல்வா. பூமிக்குக் கீழே பாதை இருக்கிறதாம். மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளே இறங்கி, கல்லைக் கரைத்து வழி பண்ணிக் கடலோரத்தில் ஊற்றாக வருகிறது என்று புவியியல் வாத்தியார் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். வாத்தியாரிடம் தேசிக்காய் இருக்கவில்லை.

போன ஆடி அமாவாசைக்குப் போனேன். பெரியப்பாவுக்கும் ஆச்சிக்கும் சேர்த்து எள்ளுத் தண்ணீர் இறைத்துவிட்டுக் கேணிக்குள் இறங்கினேன். மூன்று முழுக்கு. கண்ணைத் திறந்து, தண்ணீர் தெளியட்டும் என்று அசையாமல் நின்று குனிந்து பார்த்தேன், முகம் மாறியிருக்கிறதா என்று. மேலே கட்டில் ஒரு பெடியன், பத்துப் பன்னிரண்டு வயது, நடுங்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, என்ன தேடுறியள்?"

"முகத்தை."

"அது உங்களோடைதான் நிக்குது. அரக்குங்கோ, நான் குதிக்கப்போறன்."